உடைந்த கண்ணாடியை உடைத்த கதை

எனக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டியையே வீட்டு கேட்டில் இடித்து நிறுத்துகிறவள் நான். அப்படிப்பட்ட ஒருத்தி, ஒரு காரின் பம்பரில் துரு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளை நிற்கவைத்துக் கத்தியிருக்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எனக்கு என்ன பிடித்திருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிடித்திருந்தது ஒரு படம். பெயரைச் சொல்லமாட்டேன் (ரசிகர் மன்றத்துக்காரர்கள் பொல்லாதவர்கள்). அதில் கதாநாயகன் ஒரு பழைய அம்பாசிடர் ஓட்டுவான். கறுப்பு உடம்பு, துருச் சிவப்பில் கூரை, ஜன்னல்களில் இரும்புக் கம்பி, கைப்பிடி இல்லாத கதவுகள். முன்கண்ணாடியில் மேல்மூலையிலிருந்து மின்னல் இறங்கியதுபோல ஒரு விரிசல். முதலில் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகைக்குள்ளிருந்து கார் வரும். தியேட்டரில் ஆட்கள் நாற்காலிமேல் ஏறி நிற்பார்கள். நானும் ஏறியிருக்கிறேன்.

இந்தக் காரை அப்படியே செய்து பார்க்கும் பைத்தியங்களுக்கென்று வாட்ஸாப்பில் ஒரு குழு இருந்தது. கோயம்புத்தூர், ஹூப்ளி, நெல்லூர் என்று பல ஊர்க்காரர்கள். பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் தங்கவயல் சார்பில் மூன்று பேர். மூவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். ஜோயல் ஒரு பட்டறையில் டிங்கரிங் செய்பவன். மஞ்சு எலக்ட்ரீஷியன், வீட்டில் கன்னடம் பேசுவான், ரயிலில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. எனக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிக்கும் உத்தியோகம். அந்தக் குணத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் அதை ரயிலிலும் ஏற்றி, ஜோயலின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட் வரைக்கும் கொண்டுவந்தேன்.

வேலை செய்தவர்கள் அவர்கள் இருவரும். நான் படத்தை போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறை சொன்னேன். "அக்கா, இந்தச் சிவப்பு ஓகேவா?" என்பான் ஜோயல். "படத்துல இன்னும் கொஞ்சம் பழசா இருக்கு" என்பேன். மறுபடி சுரண்டுவான். ஹூப்ளிக்காரர்களின் காரில் முன்கண்ணாடி முழுசாக இருந்ததைப் பார்த்து, அவர்கள்மேல் பரிதாபப்பட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் கண்ணாடிக்கு வருகிறேன். ஜோயல் ஒரு நல்ல கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி விரிசல் உண்டாக்கிக் காட்டினான். சிலந்தி வலைபோல வந்தது. எனக்கு மின்னல்தான் வேண்டும். பெங்களூரில் பழைய சாமான் கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். "நல்ல கண்ணாடியே இருக்கே மேடம்" என்றவர்களிடம், "வேணாங்க, உடைஞ்சதா குடுங்க" என்று கேட்டேன். கடைசியில் ஒரு கடையின் பின்புறம், ஒரு தகரத்துக்குப் பின்னால், அசல் படத்தில் வருகிற அதே விரிசலோடு ஒரு கண்ணாடி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கல்லூரியில் பட்டம் வாங்கியபோது கலங்கவில்லை.)

அதைப் போர்வையில் சுற்றி ரயிலில் ஏற்றினோம். பக்கத்தில் இருந்த பெரியவர் இடம் விட்டு நகர்ந்து, "இன்னாம்மா, சாமி படமா?" என்று கேட்டார். நெரிசலில் வேறென்ன சொல்வது? ஆமாம் என்றேன். அவர் போர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவு விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. மூன்று கதவுகளைப் படத்தில் உள்ளபடியே வெல்டிங் வைத்து மூடியாகிவிட்டது. நாலாவதையும் மூடச் சொன்னேன்.

"அக்கா, மனுசன் ஏறி எறங்க ஒரு கதவாவது வேணும் இல்ல?" என்றான் ஜோயல்.

"படத்துல கைப்பிடியே கிடையாது ஜோயல்."

"படத்துல அவுரு ஹீரோ. எப்படியோ எறங்கிடுவாரு."

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு வெளியேயும் கைப்பிடி இல்லை, உள்ளேயும் இல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி. அதை இழுத்தால் கதவு திறக்கும். அந்தக் கம்பி வெளியே தெரியவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே சம்மதித்தேன்.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் விழா வந்தது. அப்பா இங்குள்ள கனரகத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இரும்பு அடிபடும் சத்தத்தில் நின்றதால் காது கொஞ்சம் மந்தம். பேச்சில் பாதி வார்த்தைதான் அவருக்குப் போய்ச்சேரும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். பக்கத்திலிருக்கும் ஊரிகத்தில் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போட்டுத் தலைவர் ஆக்குவதாக இருந்தார்கள். தொழிற்சாலை ஆட்களும் பழைய சுரங்க ஆட்களும் சேர்ந்த சங்கம் அது. அப்பா பல நாட்களாக ஒரு பேச்சைத் தயார் செய்து, சமையல்கட்டில் அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களை எங்க கார்ல கூட்டினு போறேன்" என்றேன்.

மகளின் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் இருக்கும், பேண்டு வாத்தியம் இருக்கும், புகைக்குள்ளிருந்து கார் வருவதை எடுத்துக் குழுவில் போட்டால் ஹூப்ளி வாயடைத்துப்போகும் என்பதுதான் என் கணக்கு.

"கதவே இல்லாத வண்டியில மனுசன் எப்படிம்மா போவாரு?" என்றாள் அம்மா.

"இருக்கும்மா. கம்பியை இழுத்தா திறக்கும்."

"நான் ஆட்டோவுல வரேன், தாயி" என்றாள் அம்மா. ஆனால் அப்பா, "பொண்ணு கஷ்டப்பட்டு செஞ்சிருக்கா. நான் அதுலயே போறேன்" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேச்சை மடித்துப் பைக்குள் வைத்து, ஸ்டியரிங்கைத் தாண்டித் தவழ்ந்து போய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு வார்த்தை முனகவில்லை.

புகைக்காக மஞ்சு, கல்யாண மேடைகளில் மணமக்கள் காலடியில் விடுகிற புகை மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்து பானெட்டுக்குள் பொருத்தியிருந்தான். ஜோயல் ஓட்ட, மஞ்சு கையில் ரிமோட்டுடன் கூடவே நடக்க, நான் போனைப் பிடித்துக்கொண்டு படத்தில் வருகிற அதே கோணத்தில் பின்னோக்கி நடந்தேன். மைதானத்தில் பந்தல் நிறையப் பெரியவர்கள். பேண்டு முழங்கியது.

"மஞ்சு, புகை!"

வந்தது. சில நொடிகள், சத்தியமாகச் சொல்கிறேன், அது அசல் படம். அப்புறம் வெளியே புகை நின்றுவிட்டது. உள்ளே ஆரம்பித்தது. குழாய் கழன்று, மெஷின் இருந்த புகையையெல்லாம் காருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டை முதலில் மறைந்தது. ஜோயல் பிரேக் போட்டு, குனிந்து கம்பியை இழுத்தான். கம்பி முழுசாகக் கையோடு வந்தது. அதைக் கண்ணாடி வழியாக என்னிடம் தூக்கிக் காட்டினான். அவன் முகமும் மறைந்தது.

சங்கத்தில் மாணிக்கம் என்று ஒருவர் உண்டு. சுரங்கத்தில் விபத்து நேர்ந்தால் உள்ளே இறங்கி ஆட்களைத் தூக்கிவரும் ரெஸ்கியூ குழுவில் இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அவருக்குக் காப்பாற்ற யாரும் கிடைக்கவில்லை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வண்டி எரியுது! உள்ள ஆளு கீறாங்க! இன்னா பாத்துனு கீறீங்க? நீங்க தண்ணி! நீங்க மணலு! பொம்பளைங்க பின்னாடி போங்க!"

முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களெல்லாம் ஓடினார்கள். "பேடா, பேடா! வேணாங்க! நெருப்பு இல்லீங்க, அது கல்யாணப் புகை!" என்று மஞ்சு குறுக்கே விழுந்தான். அவனை ஒருவர் காப்பாற்றித் தூரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மாணிக்கம் பந்தல்காரரின் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு பானெட்மேல் ஏறி நின்றார். ஜன்னலில் கம்பி, கதவில் வெல்டிங். கைக்கு எட்டிய வழி முன்கண்ணாடிதான். ஓங்கினார்.

நான் கத்தினேன்.

"ஐயோ, கண்ணாடி! அந்தக் கண்ணாடியை உடைக்காதீங்க! அது வேற எங்கயும் கிடைக்காது!"

சரியாக அந்த நேரம் பார்த்துப் பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தியிருந்தார்கள். மைதானம் முழுக்க என் குரல் மட்டும் கேட்டது. மாணிக்கம் கடப்பாரையை ஓங்கியபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? உள்ள கீறது உங்க அப்பாம்மா."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம் (இந்த ஊரில் அதற்கு வசதி நிறைய உண்டு). நான் சொன்னது இது: "தெரியுங்க. பின்னாடி இருக்கிறது சாதாக் கண்ணாடிதான், அதை உடைங்க."

அப்போது புகைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இருக்குதும்மா! என் கண்ணாடி பத்திரமா இருக்குது! நீ பயப்படாதே!"

விரிசலுக்குப் பின்னால், வெள்ளைப் புகைக்குள், ஒரு கை மட்டும் உயர்ந்தது. அந்தக் கையில் அவருடைய மூக்குக் கண்ணாடி.

கடப்பாரை இறங்கியது. நான்கைந்து போடு. மின்னல் போய்விட்டது. கோணியைப் போட்டுச் சில்லுகளைப் பிய்த்தெடுத்து, அப்பாவையும் ஜோயலையும் பானெட்மேல் இழுத்தார்கள். காப்பாற்றிய பிறகுதான் தண்ணீரும் மணலும் வந்துசேர்ந்தன. கொண்டுவந்ததை வீணாக்க மனமில்லாமல் இருவர்மேலும் கொட்டினார்கள். அப்பாவுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் தலையிலிருந்து கால்வரை சேறு. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கை எனக்கு ஆறுதல் சொல்வதுபோல என் கையைத் தட்டிக்கொடுத்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா அப்படியே மேடையேறினார். சேற்றுச் சட்டைமேல் சால்வை போட்டார்கள். பையிலிருந்து எடுத்த பேச்சு கூழாகியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே பேசினார்.

"எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியலீங்க. நான் உள்ள மாட்டிக்கினு இருக்கேன். ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலை. அப்ப என் பொண்ணு கத்தறா. இன்னா கேட்டான்னு நெனைக்கிறீங்க? கண்ணாடி, கண்ணாடின்னு கேட்டா. அது இல்லேன்னா இங்க வந்து என்னால படிக்க முடியாதுன்னு அவளுக்குத்தான் தெரியும். அவ்வளவு பயத்துலயும் அவளுக்கு அந்த நெனப்பு!"

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் கத்தியதை முழுசாகக் கேட்டவர்கள் அவர்கள். ஒருவராவது எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை. முதலில் கைதட்டியவர் மாணிக்கம். பிறகு எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசையில் அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டையை ஊறவைக்கும்போது, "பின்னாடி கண்ணாடியா?" என்று கேட்டாள். சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எடுத்த வீடியோவை யாருக்கும் காட்டாமல் அழித்தேன். (கோணம் மட்டும் அச்சு அசலாக வந்திருந்தது. அதை நினைத்து ஒரு கணம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) குழுவிலிருந்து விலகினேன். ஜோயல் என்னை ஒன்றும் கேட்காமலேயே நான்கு கதவுகளையும் வெட்டித் திறந்து, நான்குக்கும் உள்ளேயும் வெளியேயும் கைப்பிடி வைத்தான். முழுசான கண்ணாடி போட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குடும்பம் அதில் சர்ச்சுக்குப் போகிறது. என்னைப் பார்த்தால் நிறுத்தி, "ஏறிக்கங்க அக்கா" என்பான். நான் நடந்தே போகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அப்பா கூடத்தில் இருந்தால் முதல் வடிவம். அதை அவரே சொல்வார்; புதிதாக வரும் விருந்தாளிகள், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், யாரையும் விடமாட்டார். அவர் குளிக்கப் போனதும் அண்ணன் இரண்டாவது வடிவத்தை ஆரம்பிப்பான். அண்ணி மாணிக்கம் மாதிரி கையை ஓங்குவாள். அவர்களுடைய குழந்தைகள் என் குரலில் "பின்னாடி கண்ணாடியை உடைங்க!" என்று கத்துவார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எல்லோரும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போன மாதம் அப்பாவுக்குக் கண்ணில் புரை நீக்கினார்கள். அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் முன், கண்ணாடியைக் கழற்றி யாரிடமாவது கொடுக்கச் சொன்னார் நர்ஸ். அம்மா கையை நீட்டினாள். அண்ணனும் நீட்டினான். அப்பா இரண்டு பேரையும் தாண்டி என்னிடம் கொடுத்தார்.

"இது பிரபாகிட்ட இருக்கட்டும். என்னைப் பத்தி எப்படியோ, கண்ணாடியைப் பத்திரமா பாத்துக்குவா."

அண்ணனால் அடக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சக்கரப் படுக்கை கதவைத் தாண்டி உள்ளே போன பிறகும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அப்பாவின் சிரிப்புதான்.