முழு டிஸ்கையும் பயன்படுத்தவா?

காலையில் கம்ப்யூட்டரில் போட்ட இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம் ஜம்மென்று வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் சிஸ்டத்தைத்தான் காணவில்லை.

எக்ஸ்ரேக்காரர் கம்ப்யூட்டரை அணைத்தார், மறுபடி போட்டார். “எந்த சிஸ்டம் வேண்டும்?” என்று பணிவாகக் கேட்க வேண்டிய திரை, கேட்காமலே புதியதைக் கொண்டுவந்து நிறுத்தியது.

மருத்துவமனையில் நாள் முழுக்க “அசையாதீங்க, எதையும் தொடாதீங்க” என்று நோயாளிகளுக்குச் சொல்வதுதான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் அவர் கைதான் சும்மா இருக்காது.

வினை வாயால் வந்தது. பக்கத்து அறை ரத்தப் பரிசோதனைக்காரர், தன் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரே டிஸ்கில் இரண்டு சிஸ்டம் வைத்திருப்பதாகப் பீற்றிக்கொண்டார்.

“ரெண்டுதானா? எங்க வீட்டுல மூணு” என்று இவர் சொல்லிவிட்டார்.

“அப்படியா? சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து பார்க்கிறேன்.”

சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தபோது இவர் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் மனைவியின் மொழிபெயர்ப்பு இருந்தது. நானூறு பக்க மருத்துவப் பாடப்புத்தகம், எட்டு மாத உழைப்பு. திங்கட்கிழமை பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அவள் வெளியே கிளம்பும்போது “கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க” என்று இரண்டு முறையாவது சொல்வாள். இப்போது சொல்வதே இல்லை. இன்றும் கைப்பையை மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தன் திறமையில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று இவருக்குப் பெருமை. இதுவரை மூன்று முறை கம்ப்யூட்டரைக் கெடுத்திருக்கிறார். மூன்று முறையும் மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் தானாகச் சரியாகியிருந்தது. கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

பழைய சிஸ்டத்தின் சிடியைப் போட்டு, ‘பழுது பார்’ என்பதை அழுத்தினார். முதல் சிஸ்டம் திரும்பி வந்தது. மனைவியின் கோப்பும் இருந்தது. இரண்டாவது காணாமல் போனது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் மாதிரி, ஒன்று வந்தால் மற்றொன்று எழுந்து போனது.

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடட்டுமா? நம்பர் எனக்கு மனப்பாடம்.”

“எதுக்கு மாமா? அஞ்சு நிமிஷ வேலை.”

“சரி, சரி. தேவைப்பட்டா சொல்லுங்க” என்று அவர் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் தயாராக வைத்துக்கொண்டார். ஏனென்று இவர் கேட்கவில்லை.

மூன்றாவது சிஸ்டம் மிகவும் நல்ல மாதிரி, மற்ற இரண்டையும் அதுவே கண்டுபிடித்து வரிசையில் நிறுத்திவிடும் என்று செல்போனில் யாரோ எழுதியிருந்தார்கள். போட்டார். அது ஒவ்வொன்றாகக் கேட்டது. மொழி? நேரம்? பெயர்? எல்லாவற்றுக்கும் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக்கொண்டே வந்தார்.

‘முழு டிஸ்கையும் பயன்படுத்தவா?’

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், எதற்குப் பாதியை வீணடிக்க வேண்டும்? ‘ஆம்’ என்றார்.

அரை மணி நேரத்தில் மூன்றாவது சிஸ்டம் அழகாக வந்தது. தனியாக வந்தது. முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை, நானூறு பக்கமும் இல்லை. டிஸ்க் கழுவித் துடைத்த தட்டாக இருந்தது.

கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மாமா, திடீர்னு கரண்ட் போயிடுச்சு. அதுல எல்லாம் அழிஞ்சிடுச்சு.”

மாமனார் தலைக்கு மேலே பார்த்தார். “ஃபேன் காலையிலிருந்து நிக்காம ஓடுதே மாப்பிள்ளை.”

பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நாற்காலியில் சரிந்தார். கழுத்து வலிக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, இதே நாற்காலியில் எட்டு மாதம் தட்டச்சு செய்தவள் நினைவுக்கு வந்தாள். அவள் நம்பி விட்டுப் போன வீட்டில், ஒரு வாய்ச்சவடாலுக்காக அத்தனையையும் அழித்திருக்கிறார். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கையை நம்பியும் பயனில்லை, அதையும் தப்பாகத்தான் செய்யும்.

முதலில் ரத்தப் பரிசோதனைக்காரருக்குப் போன் போட்டார். “வராதீங்க. மூணுன்னு சொன்னது பொய். இருந்த ஒண்ணையும் தொலைச்சிட்டேன்.”

பிறகு மனைவிக்கு. “நீ உடனே கிளம்பி வா. போன்ல சொல்ற விஷயம் இல்ல. தப்பு முழுக்க என்னோடதுதான்.”

“சரி, வர்றேன். சாப்பிட்டீங்களா?” என்றாள் அவள். அந்தக் கேள்வியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மாமா, அந்தக் கடைக்காரரைக் கூப்பிடுங்க.”

“அப்பவே கூப்பிட்டாச்சு. நீங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே, அப்ப.”

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளிக் கேட்டைத் திறக்கப் போனார். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்.

“அதுல என் மனைவியோட எட்டு மாச வேலை இருந்துச்சுங்க” என்றார் எக்ஸ்ரேக்காரர், குரல் உடைந்து. “எவ்வளவு நாளானாலும் சரி, எப்படியாவது மீட்டுக் குடுங்க. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

கடைக்காரர் டிஸ்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போய் முகத்தைக் கழுவுங்க சார். அக்காவோட டிஸ்க் அவங்க கைப்பையில பத்திரமா இருக்கு. இது அதோட நகல், நீங்க லீவு போடுறப்பல்லாம் முந்தின நாளே நான் வந்து மாட்டிட்டுப் போறது.”