ஆர்லன் இழுத்த லைன்

ஏரி உறைவதற்குள் தன் சறுக்குவண்டியைத் தானே வெல்டிங் செய்தே தீருவது என்று ஆர்லன் ட்வெய்ட் சபதம் எடுத்தான். போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனபோது, நட்ட நடு ஏரியில் வண்டியின் கால் முறிந்தது. மச்சான் சிரித்த சிரிப்பில் அடியிலிருந்த மீன்கள்கூட மேலே வந்து பார்த்திருக்கும். அந்த அவமானம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

பண்ணை ஏலத்தில் ஒரு வெல்டிங் மெஷின் கிடைத்தது. ஆனால் அதற்கு இருநூற்று நாற்பது வோல்ட் வேண்டும். அந்த மினசோட்டா வீட்டின் கராஜில் இருந்ததோ அதில் பாதி. முழுசாக இருந்த ஒரே இடம் கீழ்த்தளத்தில், துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால்.

"அங்கேருந்து ஜன்னல் வழியா ஒரு வயர் இழுத்துட்டா முடிஞ்சுது க்வெண்டா" என்றான் மனைவியிடம்.

"வயர் சூடாகி வீடு பத்திக்கிட்டா? நாமளும் ஜன்னல் வழியாவா?"

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுன்னு மட்டும் சொல்லாதே. என் கையாலதான் செய்வேன்!"

"செய்யேன், யாரு வேணாங்கறா? வயரிங்குக்கு அரசாங்க பர்மிட் வாங்கி ஒழுங்கா செய். அம்பது ஆம்பியருக்குத் தனி பிரேக்கர், ஆறாம் நம்பர் செம்புக் கம்பி. அப்புறம், மெயினை அணைச்சாலும் பிரேக்கர் பெட்டிக்கு வர்ற தடிக் கம்பி ரெண்டுல கரண்ட் இருக்கும். அதுகிட்ட கையைக் கொண்டுபோகாதே."

ஆர்லன் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"லைப்ரரியில படிச்சேன். புருஷன் முழுசா வேணும்ல?"

அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் நிரப்பிக் கொண்டுவந்த பர்மிட் தாளில், அந்த உருக்கத்திலேயே, படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

மூன்று சனிக்கிழமைகள் பரணில் தவழ்ந்தான். மூக்கெல்லாம் தூசி, முழங்காலெல்லாம் சிராய்ப்பு. வயரிங்கைச் சோதிக்க முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர், "வயரைக் கட்டையோட சேர்த்து கிளிப் அடிக்கலையே" என்று ஒப்புதல் தர மறுத்துவிட்டார். இரண்டாம் தடவை தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார்.

"அருமையான வேலை. வீட்டம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

அவளுக்கு எதற்கு வாழ்த்து? ஆர்லன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வெல்டரின் பிளக்கைக் கையில் எடுத்தான். அப்போது ஒரு லாரி பின்பக்கமாக வந்து கராஜ் வாசலை அடைத்தது. இரண்டு பேர் பீப்பாய் மாதிரி ஒன்றை மூச்சு வாங்க இறக்கினார்கள்.

"என்னது இது?"

"மண்பாண்டம் சுடற சூளை. இதுக்கும் அதே பிளக்குதான்" என்றாள் க்வெண்டா.

"இது வெல்டருக்குப் போட்ட லைன்!"

"பர்மிட்டைப் படி."

'பயன்பாடு' என்ற இடத்தில், அவளுடைய குண்டு குண்டு எழுத்தில், 'மண்பாண்டச் சூளை' என்றிருந்தது. அதன் கீழே அவன் கையெழுத்து, கம்பீரமாக.

"அப்போ என் சபதம்? உங்க அண்ணன் இந்த வருஷமும் சிரிப்பானே!"

"அட, நீ வெல்டிங் பண்ணாம எப்படி? சூளைக்கு இரும்பு ஸ்டாண்ட் வேணும். அது முடியற வரைக்கும் பிளக்கு உனக்குத்தான். உன் சறுக்குவண்டியோட இரும்பை அளந்து பார்த்தேன், கச்சிதமா இருக்கு."

ஏரி உறைவதற்குள் ஆர்லன் தன் சறுக்குவண்டியைத் தன் கையாலேயே வெல்டிங் செய்து முடித்தான். இப்போது அது கராஜில் சூளையைச் சுமந்துகொண்டு நிற்கிறது, கால் முறியவே முறியாது.