மேற்கே பதின்மூவாயிரத்து ஐம்பது கிலோமீட்டர்

மனைவியை அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ராமசுப்ரமணியன் முடிவு செய்தார். வாயைத் திறந்து சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் பிறந்த வீட்டுக்கே பத்து நாளுக்கு மேல் அனுப்பாதவர், சிகாகோவில் மகள் சுஷ்மாவின் பிரசவத்துக்கு ஆறு மாசம் அனுப்பிவிடுவாரா? ரசம் யார் வைப்பது என்பதுதான் அவர் கவலை. அதையும் சொல்லவில்லை.

டிக்கெட் வந்தாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி விமானம். அதை விட்டால் அடுத்த இடம் ஒரு மாசம் கழித்துத்தான். பிள்ளை அதுவரை காத்திருக்காது.

வியாழன் சாயங்காலம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஆபீஸில் அடுத்தவர்களின் பிரயாணப்படி பில்லைச் சரிபார்த்து வெட்டுவதுதான் அவர் உத்தியோகம். தில்லியிலிருந்து லண்டன் ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அங்கிருந்து சிகாகோ ஆறாயிரத்து முந்நூற்றைம்பது. பறப்பது பதினேழரை மணி. லண்டனில் காத்திருப்பது நாலு. இங்கே வீட்டை விட்டு விமானம் ஏறுகிறவரை மூன்றரை, சிகாகோவில் இறங்கி வீடு சேர இரண்டு. ஆக இருபத்தேழு மணி நேரம். உன் முழங்கால் தாங்காது என்றார்.

"பறக்கறது பதினேழரைதானே?" என்றாள் காமாக்ஷி, கீரை ஆய்ந்தபடி.

"பிரயாணம்ங்கறது வாசப்படி தாண்டினதுலேர்ந்து ஆரம்பம். ஏரோப்ளேன் கிளம்பறதுலேர்ந்து இல்லை. அதான் ரூல்."

"அச்சா. வாசப்படி தாண்டினதுலேர்ந்து."

"எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும்."

இருபத்தேழு மணிக்கு அவள் அசையவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், சிகாகோ மேற்கே, அந்தத் திக்கில் பிரயாணம் தொடங்கக்கூடாது.

"வாயில வெல்லத்தைப் போட்டுண்டா தோஷமில்லையே."

"பாலம் ஏர்போர்ட் வரைக்கும் போறதுன்னா ஒரு கட்டி போறும். பதின்மூவாயிரத்து ஐம்பது கிலோமீட்டருக்கு எத்தனை மூட்டைடீ?"

தானே சிரித்துக்கொண்டார். காமாக்ஷி கீரைத் தண்டை ஒதுக்கிவிட்டு, அலமாரி மேலே பார்க்கச் சொன்னாள். பெட்டி இல்லை. அது புதன்கிழமை ஒன்பதேகாலுக்கே எதிர்வீட்டு ஹம்சா வீட்டுக்குப் போயிருந்தது. நல்ல வேளையில் பெட்டியை வெளியே வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். லக்னோவுக்கு டூர் போனபோது அவரே வைத்ததுதான்.

"என் பிரயாணம் வாசப்படி தாண்டி ஒண்ணரை நாளாச்சு. உங்க ரூல்தான்."

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

"எங்கம்மா சாகக் கிடந்தப்போ அஷ்டமின்னு ஒரு நாள் நிறுத்தினேள்," என்றாள், குரலை உயர்த்தாமல். "போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டா. அப்போ எனக்குக் கணக்குத் தெரியலை."

மறுநாள் ஹம்சா வீட்டிலிருந்து பெட்டியை அவரேதான் தூக்கி வந்தார். இருபத்திரண்டு கிலோ. மூன்று மாடி இறங்கி டாக்சியில் வைத்து மூச்சு வாங்கினார்.

காமாக்ஷி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வெல்லக் கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கெதுக்கு?"

"நம்ம அடுப்படி மேற்கேதானே இருக்கு? இன்னிலேர்ந்து நீங்கதான் போகணும்."