இறங்கிப் பார்த்துவிட்டேன், வேல்விழி

தாயில்பட்டி
27.5.2007

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா சின்னச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மா முருகம்மாளும், என் இடது மணிக்கட்டு நீங்கலாக, சுகம். பெங்களூரில் நீ மணிக்கட்டு உட்பட எல்லாம் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணையிருப்பாள். மணிக்கட்டு விவரம் பின்னால் வருகிறது. அதற்குள் பதறி அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே. சீனாவில் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பிவிட்டாள்.

நான் ஊர் திரும்பி ஐந்து நாளாகிறது. ஐந்து நாளும் உன் செல்போன் அணைந்தே கிடக்கிறது. கோபம் என்று தெரிகிறது. உன் கம்பெனி உன்னை ஆறு மாத வேலைக்கு நார்வேக்கு அனுப்புவதாக நீ சொன்னபோது, காபி டம்ளரைக் கீழேகூட வைக்காமல் “அதெல்லாம் வேண்டாம்” என்று முடித்துவிட்டவன் நான்.  ஆனால் நான் சீனாவுக்குக் கிளம்பிய அன்று லீவு போட்டு வந்து, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் என் சட்டைப்பையில் ஒரு சீட்டைச் செருகி, “அப்பா, நீங்க போற ஊர்ல மலை கெடக்காம். மலைச் சைக்கிள் கெடைக்குமாம். ஒரு தடவ மேல இருந்து எறங்கிப் பாருங்க. எறங்கிட்டு வந்து, நான் போகக் கூடாதுன்னு சொன்னீகன்னா அப்பக் கேட்டுக்கிறேன்” என்றாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்கிற விஷயமும் இல்லை. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று என் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

முதலாளி என்னை எதற்கு அனுப்பினார் என்பது உனக்குத் தெரியும். பட்டாசுத் திரி சுற்றுகிற மிஷின் வாங்க வேண்டும். “மிஷினைப் பாக்க மெக்கானிக் தங்கச்சாமி போதும் சின்னச்சாமி, ஆனா மருந்து வாசம் தெரிஞ்ச மூக்கு ஒண்ணு கூடப் போகணும்” என்றார். முப்பத்திரண்டு வருஷம் போர்மேனாக இருந்து நான் சம்பாதித்த பெயர் அந்த மூக்கு ஒன்றுதான். அதை நம்பி விமானத்தில் ஏற்றினார்கள். அந்த மூக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போய் இறங்கிய முதல் மூன்று நாளும் மிஷினே கதியாக இருந்தோம். உன் சீட்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்து என் வியர்வையில் கரைந்து போய்விட்டது. படம் மட்டும் மிச்சம். கீழே ஆரக்கால் வைத்து இரண்டு வட்டம், மேலே கூம்பாக ஒரு மலை. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரிடம் காட்டப் போகிறோம் என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் கேட்க எனக்கு வெட்கம், ஐம்பத்துநாலு வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்டுவிடுவாளோ என்று. அதனால் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்தக் கம்பெனி மேனேஜரிடம் சீட்டை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், பலமாகத் தலையாட்டினார், சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு சரக்கைப் பற்றவைத்தார்கள். கீழே இரண்டு சங்குசக்கரம் சுற்றுகிறது, அதற்கு மேலே கூம்பாகப் புஸ்வாணம் பூக்கிறது. பட்டாசு செய்கிறவர்களிடம் இரண்டு வட்டமும் ஒரு கூம்பும் காட்டினால் வேறு என்னத்தைச் செய்வார்கள், நம்ம எம். புதுப்பட்டியில் காட்டியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். தங்கச்சாமி என் காதில், “அண்ணே, நல்லாத்தாண்ணே இருக்கு, தீவாளிக்கு ஆர்டர் போட்ருவமா” என்றான். நான் கை தட்டினேன்.

அன்று மத்தியானம் வராந்தாவில் வைத்து மேனேஜருக்கு நடித்துக் காட்டினேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முழங்காலை மாற்றி மாற்றித் தூக்கி மிதித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. உடனே காரில் ஏற்றி ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போய் என் இரண்டு முழங்காலுக்கும் தைலம் தேய்க்க வைத்துவிட்டார். நல்ல தைலம். உன் அம்மாவுக்கும் ஒரு புட்டி வாங்கி வந்திருக்கிறேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த மொழிபெயர்ப்புப் பெண்ணிடமே கேட்டேன். அவள் சிரிக்கவே இல்லை. அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையும் வேலைக்காரர்கள் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்னாலிருக்கிற மலைக்குச் சைக்கிளில் போகிறார்களாம், இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றாள். வெட்கத்தினால் என் வாழ்க்கையில் போன நாட்களில் இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு சைக்கிள் கொண்டுவந்தார்கள். தடித்த டயர், கைப்பிடியில் ஏழெட்டுக் கியர், கேரியர் கிடையாது, மணி கிடையாது, செயின் கவர் கிடையாது. இதில் எந்தக் குடும்பம் போக முடியும் என்று தங்கச்சாமி கேட்டான். அவன் மலையடிவாரத்திலேயே குடையுடன் உட்கார்ந்துகொண்டான். ஏறும்போது பாதி தூரம் நான் சைக்கிளைத் தள்ளினேன், மீதி தூரம் கணக்குப்பிள்ளை என்னைத் தள்ளினார். உச்சிக்குப் போனதும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்த ஏழு பேரில் மூன்று பேர் என்னைப் பார்த்து அவர்களும் கழற்றிவிட்டார்கள். உரசினால் பொறி பறக்கும் என்று மருந்து அறைக்குள் செருப்போடு போகாத காலுக்கு எந்த நாடாக இருந்தால் என்ன.

பிறகு இறங்கினேன், வேல்விழி. நம்ம கம்பெனி வாசலில் ‘ஓடாதே, உரசாதே, கீழே போடாதே’ என்று போர்டு இருக்கிறதே, அதை எழுதிப் போட்டவனே நான்தான். முப்பத்திரண்டு வருஷமாக நான் வேகமாக நடந்ததுகூட இல்லை. வீட்டில் பால் பொங்கினால்கூட நிதானமாகப் போய்த்தான் அணைப்பேன் என்று உன் அம்மா சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவன் அந்த மண்பாதையில் காற்று காதை அடைக்க, சட்டை முதுகில் உப்பிக்கொள்ள, இரண்டு பக்கமும் ஏதோ எண்ணெய் எடுக்கிற செடியாம், அது முழங்காலில் உரச உரச இறங்கினேன். வாய்விட்டுக் கத்தினேன் என்று அடிவாரத்திலிருந்த தங்கச்சாமி சொல்கிறான். எனக்கு நினைவில்லை. சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடமும் எனக்கு உன் நினைப்புத்தான்.

அப்போதுதான் மூக்கு வேலை செய்தது. எதுவோ கருகுகிற வாசம். கருகல் வாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், திரும்பிப் பார்க்காதே, எடுத்ததைப் போட்டுவிட்டு ஓடு. நான் சைக்கிளிலிருந்து குதித்து, “ஓடுங்கலே” என்று அலறிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஓடி மண்மேட்டுக்குப் பின்னால் விழுந்தேன். அதில்தான் மணிக்கட்டு போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த ஏழு பேருக்கும் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. ஏழு பேரும் ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்து ஓடிவந்து என் பக்கத்தில் வரிசையாகக் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். எட்டுச் சைக்கிளும் ஆளில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போய் ஒரு மீன்குட்டையில் விழுந்தன. எதுவும் வெடிக்கவில்லை. பிறகு கணக்குப்பிள்ளை மெதுவாக எழுந்து விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். நானும் என் பங்குக்கு எண்ணினேன். எட்டும் இருந்தது.

அது வேறொன்றுமில்லை. வழிநெடுக நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்ததில் பிரேக் கட்டை சூடேறிக் கருகியிருக்கிறது. விஷயம் தெரிந்து அவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சிரித்து முடித்தவர்கள் குட்டையில் இறங்கிச் சைக்கிள்களைத் தூக்கி, சேறு வழித்து, மறுபடியும் மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைப்போலவே பயந்தவர்கள்தான். நம்மைப்போல விபத்து நடந்தால் தலை எண்ணிப் பழகியவர்கள்தான். இருந்தும் மறுபடி ஏறினார்கள். நானாக இருந்தால் எட்டையும் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பேன் என்று நினைத்தேன். 

நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் சைக்கிளை நான் பூட்டியதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் மெதுவாக ஓட்டுகிற போட்டியில் நீ கடைசியாக வந்து முதல் பரிசு வாங்கியபோது கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தேன். மெதுவாகப் போனதற்குப் பரிசு என்றால் எனக்குப் பிடிக்காமல் இருக்குமா. ஆனால் அடுத்த மாதமே வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையிலிருந்து நீ இரண்டு கையையும் விட்டுவிட்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு வீட்டில் வந்து, “ஆம்பளப் பயலுக கூட என்னளா சைக்கிள் வேண்டிக் கெடக்கு, நாலு பேரு என்ன பேசுவான்” என்று கத்தினேன். நாலு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம்தான் பக்கத்துக் கம்பெனியில் ஒரு விபத்து, நான் போய்த் தலை எண்ணியதில் இரண்டு குறைந்தது. உனக்கு அது தெரியாது. எனக்குப் பயம், தாயி. பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு மானம் என்று சொல்லிவிட்டேன். நீ அழாமல் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, “எண்ணெய் மட்டும் போட்டு வைங்கப்பா, செயின் துருப்பிடிச்சிரும்” என்றாய். பதினோரு வருஷம் ஆகிறது. நான் ஒரு சொட்டு எண்ணெய் போடவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே கொல்லையில் கிடந்த அந்தச் சைக்கிளை எடுத்து, ஒற்றைக் கையால் துடைத்து எண்ணெய் விட்டேன். நாலு நாளாக விடுகிறேன். மிதி அசையவே மாட்டேன் என்கிறது. உன் அம்மா அதைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. அவள் இப்போது எதையுமே கேட்பதில்லை. மணிக்கட்டுக்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, “பிளைட்டு நல்லபடியா எறங்கணும்னு வேண்டியிருந்தேன்” என்றாள். முப்பது வருஷத்தில் எனக்காக அவள் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று நெகிழ்ந்துபோனேன். பெரிய ஜாடி நாரத்தங்காய் ஊறுகாய் என்ன ஆயிற்று என்றுதான் தெரியவில்லை. ஜாடி காலியாகக் கிடக்கிறது.

ஆகையால் மகளே, நன்றாக யோசித்து, முழு மனதுடன் எழுதுகிறேன். நீ நார்வேக்குப் போகலாம். அப்பா சரி என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சை ஆறு மாதம் தள்ளிவைப்போம், மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். கம்பளி எடுத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உன் கம்பெனியில் உடனே சரி என்று சொல்லி டிக்கெட் போடச் சொல். என்ன தேதி என்று தெரிவித்தால் வழியனுப்ப நானே வருவேன், ஒற்றைக் கையால் பெட்டியையும் தூக்குவேன். அன்றைக்குச் செய்தது தப்பு. அதற்கு இந்த அனுமதி ஈடாகாது. ஆனாலும் என் வாயால் ‘போ’ என்று நான் உன்னிடம் சொல்கிறேன் என்பதை நீ எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மனும் குலசாமியும் உனக்கு முன்னாலும் பின்னாலும் துணைக்கு வருவார்கள். உன் அறைத் தோழிகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னச்சாமி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டிவிட்டு, உன் ஹாஸ்டலின் பின்கோடு நம்பரை உன் அம்மாவிடம் கேட்டேன். அரிசி டப்பாவிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அதில் பெங்களூர் இல்லை. ஆஸ்லோ, நார்வே என்று இருக்கிறது. நான் சீனாவிலிருந்து புறப்படுவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமையே, நீ விமானம் ஏறிவிட்டாயாம். ஊறுகாயும் கூடப் போயிருக்கிறதாம். மாவிளக்கும் உன் பிளைட்டுக்குத்தானாம். குளியலறைக் கதையைத் தங்கச்சாமி முதல் நாளே உடைத்துவிட்டானாம். எல்லாவற்றையும் உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. “நான் எறங்கிட்டு வந்து சொல்றதக் கேட்டுக்கிறேன்னு தானளா சொன்னா, அதுக்குள்ள என்ன அவசரம்” என்று கத்தினேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “எறங்குனீகன்னா சரின்னுதான் சொல்லுவீகன்னு அவளுக்குத் தெரியும். அதான் முன்னக்கூட்டியே போயிட்டா” என்றாள். இறங்காமல் வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன். “எறங்காம வருவீகளா, அவ அப்பன்தான நீங்க” என்றாள்.

உறையைப் பிரித்து இதை எழுதிச் சேர்க்கிறேன். அனுமதியைக் கிழிக்கவில்லை, பழைய தேதி போட்டு வைத்துக்கொள். உன் சீட்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரிடமாவது அந்தப் படத்தைக் காட்டிக் கேள். அந்த ஊரில் பட்டாசு செய்கிறவர்கள் இருக்க மாட்டார்கள், பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். இறங்கும்போது பிரேக்கை ரொம்பப் பிடிக்காதே.