தனிநபர் மசோதா

தேர்தலில் நிற்காமல், யாருக்கும் ஓட்டுக் கேட்காமல், நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட செய்திக்காகக் கடையை மூடித் துக்கம் காத்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மசோதா. பதவி போன உறுப்பினர்களே அன்றைக்குச் சிரித்த முகமாய் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவர் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே பாய்லரை அணைத்து, பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மசோதா என்பது ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனைவியே ‘இந்த மனுசன்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்வராயன் மலையில் கரியாலூருக்கும் மேலே ஒரு சின்ன ஊரிலிருந்து இறங்கி வந்து டீக்கடை போட்டவர். டீ சுமார்தான். ஆனால் பக்கத்துக் கட்டடத்து இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த எனக்கும், எதிரே வாய்தாவுக்கு வந்து நிற்பவர்களுக்கும் வேறு கதி இல்லை.

கடையில் ஒரு டிவி இருந்தது. மற்ற டீக்கடைகளில் பாட்டு ஓடும், கிரிக்கெட் ஓடும். இவர் கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நாடாளுமன்றம்தான். சபை நடக்காத நாட்களில் பழைய கூட்டத்தைத் திரும்பப் போடுவார்கள், அதையும் விடமாட்டார். ஒருமுறை கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது வக்கீல் குமாஸ்தாக்கள் பத்துப் பேர் சேர்ந்து கெஞ்சினார்கள். கடைசி ஓவர். ஒரே ஒரு ஓவர் மாற்றிப் போடச் சொன்னார்கள். திரையில் யாரோ ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்கு மேம்பாலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கட்டும், பேசும்போது மாற்றினால் மரியாதை இல்லை என்று மசோதா சொல்லிவிட்டார். மேம்பாலம் முடிந்து இவர் மாற்றிய நேரத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, இந்தியும் தெரியாது. சரி, நம் ஊர் உறுப்பினர்கள் தமிழில் பேசினால் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அப்போதுதான் முகம் சுருங்கும். “இது நமக்கே புரியுதே சார், டில்லியில எவனுக்குப் புரியும்?” என்பார். அவருக்குப் புரியாத பேச்சுதான் சட்டமாகும் என்பது அவர் அபிப்பிராயம். அந்தப் புரியாததைப் புரியவைக்க என்னை நியமித்திருந்தார். ஒரு டீ குடிக்க வந்தவன், வாய் ஓயாமல் இரண்டு அமைச்சர்களின் பதிலை மொழிபெயர்த்துவிட்டு ஆபீஸுக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் யாரும் கிட்டே போக முடியாது. அன்றைக்குத்தான் அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் தாங்களாகக் கொண்டுவரும் மசோதாக்கள் சபையில் வரும். பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். போகிற வருகிறவர்கள் “மசோதா வந்துச்சா?” என்று கிண்டலாகக் கேட்பார்கள். “இன்னும் வர்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வரும்” என்று இவர் ஏக்கத்தோடு பதில் சொல்வார். இந்தப் பேச்சு எப்படியோ மலையேறி அவருடைய மாமியார் காதுக்குப் போய்விட்டது. யசோதா மாதிரி மசோதா என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, கோர்ட்டு வாசலில் அத்தனை வக்கீல்களுக்கும் நடுவே நின்று, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மருமகனைப் பார்க்க வருகிற அந்த டில்லிக்காரி யார் என்று கேட்டார். ஒரு வக்கீல், அது பெண் இல்லை அம்மா, சட்டத்துக்கு முந்தைய நிலை என்று விளக்கினார். “சட்டப்படி இன்னும் ஆவல, அதானே நீ சொல்றது? அத்தத்தான் நானும் கேக்கறேன்” என்றார் மாமியார். அந்த வக்கீல் அன்று வேறு கேஸில் வாதாடவில்லை என்று கேள்வி.

இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். இனி சிரிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

கடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு. அதற்கும் பின்னால் சிமெண்டுத் தொட்டி. அங்கே வெள்ளையன் கிளாஸ் கழுவுவான். மசோதாவின் தம்பி. நான் டீ குடிக்க ஆரம்பித்து ரொம்ப நாள்வரை அப்படி ஒருவன் இருப்பதே எனக்குத் தெரியாது. அழுக்குக் கிளாஸ் உள்ளே போகும், சுத்தமான கிளாஸ் வெளியே வரும். அவ்வளவுதான்.

மிளகு பறிக்கிற வேலை என்று ஒரு புரோக்கர் மலையிலிருந்து அவனையும் இன்னும் சிலரையும் கூட்டிப் போயிருக்கிறான். பக்கத்து மாநிலத்தில் போலீஸ் பஸ்ஸை மறித்து, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று மொத்தமாக இறக்கிவிட்டார்கள். வெள்ளையன் கையில் கோடாலி இல்லை, மாற்றுத்துணிப் பைதான் இருந்தது. விசாரணை வரும் வரும் என்று வருஷக்கணக்காக ஜெயிலில் கிடந்தான். கடைசியில் ஒருநாள் ஆதாரம் இல்லை, போ என்று விட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. மலையில் யார் வீட்டு ஆடு காணாமல் போனாலும் முதலில் அவன் வாசலில் வந்து நின்றார்கள். மசோதா தம்பியைக் கீழே கூட்டி வந்துவிட்டார். அவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. முன்பக்கம் டீ குடிப்பவர்களில் பாதிப் பேர் காக்கி. “கோர்ட்டு வுட்டுடுச்சு சார், ஊருதான் இன்னும் வுடல” என்று ஒருநாள் மசோதா என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வக்கீல் பேப்பர் படித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னாராம். குற்றமில்லாமல் ஜெயிலில் கிடந்தவர்களிடம் அரசாங்கம் தன் தப்பை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவந்திருக்கிறார் என்று. தனிநபர் மசோதாதான், பெரிசாக எதிர்பார்க்காதே என்றும் சேர்த்துச் சொன்னாராம். அந்தக் கடைசிப் பேச்சில் மசோதா காதில் விழுந்தது முதல் இரண்டு வார்த்தை மட்டும். அன்றே டிவி வாங்கினார்.

“தனிநபர்னா ஒரு ஆளுதானே சார்? எந் தம்பி ஒரு ஆளு. அவனுக்காவத்தான் போட்டுக்கீறாங்க.”

கொண்டுவருகிறவர்தான் தனிநபர், மசோதா எல்லோருக்கும் பொது என்று நான் விளக்கினேன். அவர் கிளாஸை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“கொண்டாறவரு ஒரு ஆளு, மாட்டிக்கினவன் ஒரு ஆளு. சரியாத்தானே கீது?”

அதற்கு மேல் விளக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மசோதாவுக்குப் பின்னால் எத்தனையோ மசோதாக்கள் வரிசையில் நின்றன, முன்னாலும் நின்றன. எந்த வெள்ளிக்கிழமையும் அதன் முறை ஒழுங்காக வரவில்லை. ஒருநாள் எடுத்தார்கள், கொஞ்சம் பேசினார்கள், மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்தார்கள். அடுத்த முறை வருவதற்குள் சபையே கலைந்துவிட்டது.

மசோதா லாப்ஸ் ஆகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை அவருக்கு என் ஆபீஸிலிருந்தே பழக்கம். பிரீமியம் கட்டாமல் விட்ட பாலிசிக்கு நாங்கள் சொல்வது. அதனால் அவர் பதறவில்லை. “லாப்ஸ் ஆன பாலிசிய நீங்க புதுப்பிச்சுக் குடுக்கறீங்களே, அத்தப்போல இத்தயும் ஒரு பாரம் எழுதிக் குடுத்துடலாமே” என்றார். சபை கலைந்தால் அப்படியெல்லாம் புதுப்பிக்க வழியில்லை, வேறு யாராவது முதலிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று சொன்ன பிறகுதான் பாய்லரை அணைத்தார். மசோதா செத்துப்போச்சு என்ற செய்தி தெருவில் பரவியது. மூலையில் பூ விற்கிற அம்மாள் ஒரு மாலையோடு வந்து, எந்த ஊர்ப் பெண்ணோ பாவம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கரியாலூரில் மாமியார் மட்டும் அன்று நிம்மதியாகத் தூங்கினாராம்.

ஆனால் செத்த மசோதா சும்மா இருக்கவில்லை. புதுச் சபை வந்தது. ஜாமீன், சிறை, குற்றச் சட்டம் என்று எந்த விவாதம் வந்தாலும் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து, இதே அவையில் முன்பு ஒரு மசோதா வந்ததே, அது முடியாமலே போனதே என்று அதிலிருந்து இரண்டு வரி சொல்வார். முதல்முறை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மசோதா கடையில் இருந்த எல்லோருக்கும் இலவசமாக டீ போட்டார். எதிர்க்கட்சியில் ஒருவர் சொல்வார், ஆளுங்கட்சியில் ஒருவர் அதை மறுப்பதற்காகவாவது சொல்வார். அமைச்சர் பரிசீலிக்கிறோம் என்பார். நிறைவேறியிருந்தால் அது பாட்டுக்கு ஒரு புத்தகத்தில் போய்ப் படுத்திருக்கும். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றித்தானே ஊர் ஓயாமல் பேசுகிறது!

இந்த உற்சாகத்தில் மசோதா தானாகவே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ‘லாப்ஸ்’ என்று காதில் விழுந்தால் தம்பியைப் பற்றிய பேச்சு என்று அர்த்தம். ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது கடையில் எல்லோர் கையிலும் மைசூர்பாகு இருந்தது. ஒரே உறுப்பினர் திரும்பத் திரும்ப நம் மசோதாவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பூரித்துப்போயிருந்தார். நான் கேட்டேன். அந்த உறுப்பினர் தன் ஊரில் ஒரு பாலம் கொலாப்ஸ் ஆனதைப் பற்றிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்காமல் எனக்குக் கொடுத்த மைசூர்பாகைத் தின்றேன்.

அப்புறம் அந்த மழைக்காலக் கூட்டத்தொடர். சிறைகளைப் பற்றிய விவாதம். ஒரு பெண் உறுப்பினர் அந்தப் பழைய மசோதாவை எடுத்து, நிதானமாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். எப்போது என்று தெரியாது, தடுப்பு ஓரத்தில் ஈரக் கையோடு வெள்ளையன் வந்து நின்றிருந்தான்.

“நம்மளப் பத்தியா சார் பேசறாங்க?”

ஆமாம் என்றேன்.

“இன்னா சொல்றாங்க?”

“குத்தமே செய்யாதவங்களை உள்ளே வச்சோம். தப்பு அவங்க மேல இல்ல, நம்ம மேலதான். அத நாம இந்தச் சபையிலேயே ஒத்துக்கணும். இதத்தான் சொல்றாங்க.”

அவன் திரையில் அந்த அம்மாள் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லுங்கியில் கையைத் துடைத்தபடி அண்ணனைப் பார்த்தான்.

“அப்ப நான் மின்னாடி வந்து டீ குடுக்கலாமா?”

மசோதா தட்டை நீட்டினார். வெள்ளையன் எடுத்துக்கொண்டு போனான். பாதி டீ தட்டிலேயே கொட்டியது. பெஞ்சில் இருந்த ஏட்டு ஒருவர் மொபைலில் இருந்து தலை நிமிராமல் கிளாஸை வாங்கி, ஒரு வாய் குடித்து, சர்க்கரை கம்மியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு தம்பி என்றார். பேரும் ஊரும் கேட்காமல் ஒரு போலீஸ்காரர் தன்னிடம் பேசியது அதுதான் முதல்தடவை என்று வெள்ளையன் அன்றெல்லாம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஒரு கையெழுத்தும் ஆகாத மசோதா, செத்து எத்தனையோ காலமான மசோதா, அவனைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அவன் அந்த முன்பக்கத்தில் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஜெயிலில் பிடித்த இருமல் நெஞ்சுக்குள் தங்கியிருந்தது. அடுத்த மழைக்குப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து மலைக்கு வேனில்தான் கொண்டுபோனோம். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் மசோதா தம்பியின் தலை ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். அடக்கம் செய்யும் இடத்தில் பின்னால் யாரோ ஒருவர், கேஸில் இருந்தவன்தானே என்று மெதுவாகச் சொன்னார். மசோதா திரும்பினார். “அவன் மேல தப்பில்லன்னு பார்லிமெண்டுலயே சொல்லிட்டாங்க. சார் கேட்டாரு” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், கேட்டேன் என்றேன். அதற்கப்புறம் அங்கே யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு உளுந்தூர்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டது. இங்கே ஹைவே ஓட்டல்களில் பஸ் நிற்கும்போதெல்லாம் பாட்டு அலறுகிறது. நாடாளுமன்றம் ஓடுகிற டிவி என் வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். அந்த மசோதா இன்னும் யார் பேச்சிலாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்தால் உடனே அவருக்குப் போன் போடுவேன். அவர், இருங்க சார் என்று சொல்லி, கடையில் இருக்கும் வக்கீல், குமாஸ்தா, ஏட்டு எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு பாய்லர் பக்கத்தில் வைப்பார். தப்பு அவர்கள் மேல் இல்லை என்ற அந்த இடம் வரும்போது நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.