நின்றபடி ஒரு வேண்டுதல்

"இன்னாத்துக்கு நின்னுக்கினே டீ குடிக்கற? உக்காரு வீரமணி," என்று பெஞ்சைத் துடைத்துக் காட்டினார் மணலூர்பேட்டை டீக்கடை பிச்சைமுத்து.

உட்கார முடியாது. காலையில்தான் கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லியிருந்தார்: "மூத்திரப் பாதை வழியா கிருமி ஏறி விதை வீங்கியிருக்கு. அந்த இடத்துல உடம்போட காவல் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். இல்லன்னா சொந்த விந்தணுவையே எதிரின்னு அடிச்சிடும். இப்ப அது கிருமியோட சண்டை போடுது, அதான் காய்ச்சல். தனியா போராட விடாதீங்க, மாத்திரைய முழுசா முடிங்க. துண்டை மடிச்சி அடியில குடுத்து உக்காருங்க. வீட்ல பாத்துக்க ஆள் இருக்குல்ல?"

"இருக்காங்க சார்."

மனைவி கொளஞ்சியம்மாள் கோபித்துக்கொண்டு திருநாவலூருக்கு, தாய் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவளும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். யாருமே பார்க்காவிட்டாலும் அதை அவர் அணைப்பதில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்ல முடியுமா?

"வேண்டுதல். உக்கார மாட்டேன்."

"இன்னா வேண்டுதல்?"

வாயில் வந்ததைச் சொன்னார். "கொளஞ்சி வர்ற வரைக்கும்."

மாலைக்குள் தெருவே உருகிவிட்டது. பெண்கள் விபூதி பூசினார்கள். பக்கத்துக் கழனி அன்புச்செல்வன் பூமாலையோடு வந்தான்.

"திருநாவலூர் கோயிலுக்கு நடந்தே போய்டலாம்ணே. அப்டியே அண்ணிய கூட்டிக்கினு வந்துடலாம்."

நடப்பதா! வீரமணிக்கு வியர்த்தது. "நடக்கக் கூடாதுப்பா. ஒரே எடத்துலதான் நிக்கணும்."

அவ்வளவுதான், அம்மன் கோயில் வாசலில் கோலம் போட்டு நிற்க வைத்துவிட்டார்கள்.

"முடிஞ்சிடுச்சின்னு வச்சிக்கலாமே?" என்று கெஞ்சினார்.

"பாதில வுட்டா சாமி குத்தம்ணே."

தெரு முழுக்க அவரைச் சுற்றி நின்றது. எங்கே வலிக்கிறது என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் கொளஞ்சியம்மாள். நேராக வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்துட்டேன்ல, உக்காருய்யா."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வீரமணி நாற்காலியைப் பார்த்து நடுங்கினார்.

அவள் அவர் தோளிலிருந்த துண்டை உருவி, மடித்து, நாற்காலியில் வைத்தாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"பக்தின்னா இது பக்தி!" என்றான் அன்புச்செல்வன்.

பிச்சைமுத்து டீயை நீட்டி, காதோரம் குனிந்தார். "நீ உக்காராம காலை அகட்டிக்கினு நின்னப்பவே தங்கச்சி கொளஞ்சிக்கு போன் போட்டுட்டேன். போன வருசம் எனக்கும் இதே வேண்டுதல்தான்."