நாகலிங்கம் வீட்டு வெளிச்சம் குறைக்கப்பட்ட வரலாறு

தோட்ட மக்களின் வாழ்வில் ஒளியேற்றுவது என்று மேலிடத்தில் தீர்மானித்தபோது, ஏற்றிய ஒளியைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் வசதியும் அவர்களுக்கு வேண்டும் என்று சேர்த்தே தீர்மானித்தார்கள். மின்சாரம் மிச்சமாகும் அல்லவா?

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் அப்படிக் கட்டிய முதல் மாதிரி வீடு நாகலிங்கத்துக்குக் கிடைத்தது. அவர் பால் வெட்டுகிறவர். அவரும் மனைவி மூக்காயியும் இருந்த லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வரிசை வீட்டில், மழை பெய்தால் சட்டி பானையெல்லாம் ஒழுகுகிற இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். சமைக்க ஒன்றும் மிஞ்சாது. புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, கதவு போட்டாயிற்று. முன்னறைச் சீலிங்கில் மூன்று எல்.ஈ.டி. டவுன்லைட் பதித்து, சுவரில் வெளிச்சத்தைத் திருகிக் குறைக்கிற டிம்மர் சுவிட்ச் ஒன்றும் பூட்டியிருந்தார்கள்.

சாவி கொடுக்கும் முன் சகலமும் இயங்குகிறதா என்று அத்தாட்சிப்படுத்த வேண்டும். வீடமைப்பு உத்தியோகத்தர் ஜனகன் வந்தார். கதவைத் திறந்து மூடினார். சரி. ஜன்னலை இழுத்தார். திறக்கவில்லை. ஜன்னல் என்றால் மூடியிருப்பதுதான் பாதுகாப்பு என்று அதையும் சரி என்றார். பிறகு டிம்மரைத் திருகினார்.

மூன்று விளக்கும் கண்ணடிக்கத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் திருகியதும் சுவிட்ச் வண்டு மாதிரி இரைந்தது. அதற்கும் மேலே திருக, பட்டென்று எல்லாம் இருட்டு.

"நல்லா கொறைஞ்சிருச்சுங்களே சேர்," என்றாள் மூக்காயி.

"இது குறையல. அணைஞ்சிருச்சு. நூத்துக்குப் பத்து வீதத்துக்குக் குறையணும்னுதான் மேலிடத்துச் சுற்றுநிருபம். பூச்சியத்துக்குக் குறைஞ்சா, இலக்கைத் தாண்ட யாரு அனுமதி தந்ததுன்னு கணக்காய்வுல கேப்பாங்க."

"நாங்க கொறைக்காமயே இருந்துக்கிறோம் சேர். சாவியக் குடுங்க. மழை புடிச்சிருச்சு," என்றார் நாகலிங்கம்.

ஜனகனுக்கு மனசு கேட்கவில்லை. "வெளிச்சத்தக் குறைக்க முடியாத வீட்டுல உங்கள எப்பிடிண்ணே குடியேத்துறது? நானும் மனுசன்தானே."

வீடு பூட்டப்பட்டது. மூக்காயி லயத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாகச் சமைத்தாள். எதிரே, ஒழுகாத புது வீடு உள்ளே ஆளில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஒரு சட்டி வைக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

பிரச்சினையைத் தீர்க்க ஜனகன் மாவனல்லைக்குப் புறப்பட்டார். பயனாளியின் பங்கேற்பு அவசியம் என்று நாகலிங்கத்தையும் கூட்டிப்போனார். மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஜஸீல் முதலாளி, அவர்கள் கொண்டுபோன விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது டிம் பண்ணுற லைட் இல்ல. டிம்மபள்ன்டு பொட்டியில போட்டீக்கணும். அப்பிடிப் போட்ட லைட்ட வாங்கினாலும் ஒங்கட டிம்மருக்குச் சரிவராது. அது பழைய குண்டு பல்புக்குச் செஞ்சது. அறுபது வோட்ஸாவது இழுத்தாத்தான் ஒழுங்கா வேல செய்யும். இந்த லைட் ஒன்டு ஆறு வோட்ஸ்தான். எல்.ஈ.டி.க்குச் செஞ்ச டிம்மர் ஒன்ட மாத்துங்க, வேல முடிஞ்சி."

"டிம்மரை மாத்த முடியாது," என்றார் ஜனகன். "அது நிலையான சொத்து. சுவரோட சேத்துப் பதிஞ்சாச்சு. அதை மாத்துறதுன்னா சுவரையும் மாத்தணும். லைட் நுகர்பொருள். எத்தனை வேணும்னாலும் போடலாம்."

ஜஸீல் முதலாளி ஜனகனை ஒரு முறை பார்த்தார். பிறகு வியாபாரத்தைப் பார்த்தார். "அப்ப லைட்டக் கூட்டுங்க சேர். டிம்மபள் லைட் ஒரு டஜன் போட்டா டிம்மர் சந்தோசமா வேல செய்யும்."

"வெளிச்சத்தக் கொறைக்கத்தானே சேர் வந்தோம்?" என்றார் நாகலிங்கம்.

"குறைக்கிறதுன்னா முதல்ல நிறைய இருக்கணுமில்லண்ணே," என்றார் ஜனகன்.

முன்னறைச் சீலிங்கில் அவ்வளவுக்கும் இடம் இல்லை. மிச்சத்தைப் படுக்கையறை, குசினி, கழிப்பறை, வாசல் என்று பிரித்துப் பதித்தார்கள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டிம்மர். முன்னறையில் ஒருவர் படுக்கலாம் என்று வெளிச்சத்தைக் குறைத்தால், கழிப்பறையில் இருப்பவருக்கும் அந்தி மயங்கும். பாதியாகக் குறைத்த பிறகும் முந்திய மூன்று விளக்கைவிடக் கூடுதலாகவே கரண்ட் இழுக்கிறது என்று வயரிங் செய்தவர் சொல்லிப் பார்த்தார். அவரை உடனே வேறு தோட்டத்து வேலைக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஜனகன் திருகினார். இரைச்சல் இல்லை, கண்ணடிப்பு இல்லை. வெளிச்சம் மெல்ல மெல்லச் சரிந்து, சரியாகப் பத்து வீதத்தில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினர் வந்தார். ரிப்பன் வெட்டினார். டிம்மரை முழுதாகத் திருகினார். வீடு கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. அந்த ஜொலிப்பில், சீலிங்கிலிருந்து தரை வரை, களனி கங்கையின் வரைபடம் போலக் கிளையெல்லாம் விட்டு ஒரு வெடிப்பு தெரிந்தது.

"இது என்ன?" என்றார் விருந்தினர்.

ஜனகன் பதறவில்லை. முன்னே போய் டிம்மரைக் குறைத்தார். வெடிப்பைக் காணவில்லை.

"எது சேர்?"

விருந்தினர் சுவரை உற்றுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஹரி ஹரி, சரி சரி. நல்லாச் செஞ்சிருக்கீங்க." எல்லோரும் கைதட்டினார்கள். சாவியும் கைமாறியது. போகும்போது ஜனகன் நாகலிங்கத்தின் காதில் சொன்னார்: "பாதிக்கு மேல திருகாதீங்கண்ணே. திருகினா சுவர் பழுதாயிரும்."

நாகலிங்கமும் மூக்காயியும் குடியேறினார்கள். நாகலிங்கம் விடியுமுன் மலைக்குப் போகிறவர். மங்கல் வெளிச்சத்தில் பால் வெட்டுகிற கத்தியைத் தடவித் தேடுவார். வெளிச்சத்தைக் கூட்டினால் வெடிப்பு தெரியும். வெடிப்பு தெரிந்தால் மூக்காயிக்கு நெஞ்சு படபடக்கும். கத்தியைத் தடவுவதே மேல் என்று விட்டுவிட்டார்.

ஆனால் லயத்துப் பெண்களுக்கு அந்த மங்கல் பிடித்துப்போயிற்று. ஷாமிளா என்ற இளம் பெண் முதலில் வந்து செல்ஃபி எடுத்தாள். முகம் ஹோட்டலில் எடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் எல்லோரும் வந்தார்கள். ராணி மாதிரி இருக்கீங்க அக்கா என்றார்கள். மூக்காயியை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் கட்ட வீடுகளுக்கு மக்களின் விருப்பத்தை அறியக் கூட்டம் நடந்தது. "காசு கொஞ்சம்தான் இருக்கு," என்றார் ஜனகன். "வீட்டுக்குள்ள தண்ணிக் குழாய் போடலாம். இல்லாட்டி டிம்மர் லைட் போடலாம். ஏதாவது ஒண்ணுதான். மூக்காயியக்கா, நீங்கதான் அனுபவஸ்தர். சொல்லுங்க."

மூக்காயி எழுந்தாள். உள்ளதைச் சொல்லிவிடத்தான் எழுந்தாள். சுற்றிலும் அத்தனை பெண்களும் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணிய எங்க வேணும்னாலும் புடிச்சுக்கலாம்," என்றாள். "அந்த மாதிரி வெளிச்சம் வேற எங்க கெடைக்கும்?"

நாகலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மறுநாள் காலை லயத்துக்கெல்லாம் பொதுவான பீலிக்கரையில் தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள், மஞ்சளான வோர்ம் வைட் போடுவதா வெள்ளையான டே லைட் போடுவதா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.